கொல்லைத் தளத்தில் முதல் குடம்

எங்கள் கோட்டையூர் வீட்டின் கொல்லையில் கான்கிரீட் தளம் உள்வாங்கித் தண்ணீர் தேங்கும். சரிசெய்யச் சொல்லி என் மனைவி பல வருடம் கேட்டாள். "பார்க்கலாம்" என்றே காலம் கடத்தினேன். அவள் இறந்தபின்தான் கொத்தனாரை அழைத்தேன்.

நரைத்த மீசை, தலையில் சிமெண்ட் படிந்த துண்டு. பழைய தளத்தைப் பெயர்த்து, அடியில் கிராவல் மண் கொட்டி இடித்துப் புதிதாகப் போட்டார். அது இறுகியபின் மறுபடி வந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார்.

"வீட்டம்மாவக் கூப்பிடுங்கய்யா. ஆம்பளைக சரின்னா செல்லாது. புழங்குறவுக ஊத்திப் பாக்கணும்."

"அவ இல்லப்பா. போய்ச் சேந்துட்டா."

குடத்தை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப இனி நீங்கதான புழங்கப் போறீக? ஊத்துங்க."

ஊற்றினேன். தண்ணீர் எங்கும் நிற்காமல் வாய்க்காலுக்கு ஓடியது.

"சரியா இருக்கா?" என்றார்.

அவளைக் கேட்க அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் அதைக் கவனிக்காதவர்போல் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.