பாறைமேல் கணக்குப் போடுகிறவள்

காலைக் கஞ்சி குடித்த கையோடு, மடிக்கணினியையும் கணக்குத் தாள்களையும் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு கல்பனா பாறை ஏறுகிறாள். டவர் அங்கேதான் கிடைக்கும். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றித் தாள்கள் பறக்காமல் மேலே வைப்பாள். எண்கள் வந்தால் உதடு அசையும்; வராவிட்டால் பாறையில் காய்ந்திருக்கும் பாசியை நகத்தால் சுரண்டுவாள்.

கடுங்குளிரில் சில பொருட்கள் மின்சாரத்தைத் துளித் தடையும் இல்லாமல் ஓடவிடும். மீகடத்தி என்பார்கள். அதை ஒளியால் விடாமல் உலுக்கினால் தாங்குமா என்பது அவள் கேள்வி. பெங்களூரில் ஆராய்ச்சிப் பணி முடிந்து, அம்மா செல்லியம்மாளைப் பார்த்துக்கொள்ள ஜவ்வாது மலைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. "இன்னாத்த தேடுற அதுல?" என்று அம்மா கேட்டால், "நிக்குதான்னு பாக்கறேம்மா" என்பாள். எது நிற்கிறதென்று அம்மா கேட்டதில்லை.

ஊரில் வேறு கதை. வெளிநாட்டில் இருக்கும் எவனோடோ பேசத்தான் ஏறுகிறாளாம். அவள் மறுத்ததில்லை. அந்தக் கதையிலாவது அவளுக்குப் பேச ஓர் ஆள் இருந்தான்.

உலுக்கும்போது ஆற்றல் கசியும், அந்தக் கசிவே உள்ளே எழும் சிற்றலைகளை அடக்கிவிடும் என்று அவளும் தோழி கீதாஞ்சலியும் ஆராய்ச்சி நாட்களில் நம்பியிருந்தார்கள். போன வாரம் கணக்கு வேறு சொன்னது. கசிவு கூடக்கூட அலைகள் வளர்ந்தன, மீகடத்தி நிலைகுலைந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் கீதாஞ்சலியைக் கூப்பிட்டாள்.

"கீதா, அது நிக்கலடி."

"எது?"

கல்பனா பாறைப் பாசியை நகத்தால் சுரண்டினாள். "நம்ம சூப்பர்கண்டக்டர்."

"ஓ. இன்னும் அதயா பாத்துட்டிருக்க? மீட்டிங்ல இருக்கேன்டி, அப்பறம் பேசறேன்."

பாறையிலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதைக்கு வந்தபோது, தலையில் புளி மூட்டையோடு பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை எதிரே வந்தாள். "இன்னாம்மா, மொகம் வாடிக்கீது? அவரு பேசலியா?"

"அவருன்னு யாரும் இல்லக்கா."

சொல்லிவிட்டு அப்படியே குந்தினாள் கல்பனா. மண்ணில் விரலால் ஓர் அலை வரைந்தாள்; அடுத்து அதைவிடப் பெரிதாக ஒன்று, பிறகு இன்னும் பெரிதாக. "இப்பிடி வளந்துக்கினே போவுது. அடங்கிடும்னு நெனச்சேன்."

பாஞ்சாலை மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். "எனுக்கு ஒண்ணும் புரியலியேம்மா."

"தெரியும்கா."

"வூட்ல அடுப்பு பத்த வைக்கல. வர்றேன்."

பாதை குறுகல். பாஞ்சாலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்புதரை உரசியபடி, அலைகளை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.