வீக்கம் வடிந்த முகம்

"உங்க வீட்டுக்காரர் முகத்துல என்ன ஒரு களை!" என்றார் எதிர்வீட்டம்மா. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருகிற காலை நேரம். பெருமையாகச் சிரித்துவிட்டு உள்ளே வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதரை நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே எப்போதும் பையாகத் தொங்கும் வீக்கம் இல்லை.

அந்த வீக்கத்தைத் தந்ததே அவருடைய மாத்திரைதான். அவருக்கு ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிற வகை. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். இந்த நோய் வருகிற வரை அது எனக்குச் சோறு போடுகிற பாடம், அவ்வளவுதான்.

செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒன்றை ஒட்டும். ஒட்டினால் 'பெருகு' என்று செய்தி போகும், எடுத்துவிட்டால் செய்தி நிற்கும். இவருடைய ரத்தத்தில் இரண்டு மரபணுக்கள் உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டதில், ஒட்டுவதை நிறுத்தவே தெரியாத ஒரு புரதம் பிறந்துவிட்டது. விரலை எடுத்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிற காலிங் பெல் மாதிரி. பாஸ்பேட் வந்து சேர வேண்டிய பள்ளத்தில் மாத்திரை போய் உட்கார்ந்துகொள்ளும், மணி அடங்கும். மாத்திரை அந்தப் புரதத்தை அழிப்பதில்லை. எழுந்து போனால் மறுபடி அடிக்கும். அதே சாயலில் இருக்கிற வேறு நல்ல புரதங்களிலும் அது போய் உட்காருவதால்தான் கண்ணடியில் நீர் கோத்துக்கொள்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை.

"மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரை மடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டுப் பிரச்சினையே அதுதான். "நிறுத்திட்டேன்மா. சாட்சி சொல்றதுக்கு முந்தின வாரமே."

எங்கள் சபையில் நன்மை பெற்றவர்கள் ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்வார்கள். கடைசி ரத்தப் பரிசோதனையில் நோயின் சுவடே தெரியவில்லை என்று வந்ததும் போதகர் இவரைக் கூப்பிட்டார். இவரும் எழுந்து நின்று, கர்த்தர் என்னைப் பூரணமாகக் குணமாக்கினார் என்றார். பாதிச் சபை அழுதது. நானும் அழுதேன்.

"டெஸ்ட்ல தெரியலைன்னா நோயே இல்லைன்னு யாருங்க சொன்னது?"

"மாத்திரையை முழுங்கிக்கிட்டே குணமாயிட்டேன்னு மைக்ல எப்படிம்மா சொல்றது? அது பொய்ச்சாட்சி இல்லையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எவனெவனோ வாய் கூசாமல் புளுகுகிறான். சொன்ன வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும் என்று உயிரைப் பணயம் வைக்கிற உத்தமர் எனக்கென்று வந்து வாய்த்திருக்கிறார்.

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "சில பேருக்கு நாங்களே நிறுத்திப் பார்ப்போம் சார். பல வருஷம் சுத்தமா இருந்த பிறகு, மாசா மாசம் ரத்தம் பார்த்துக்கிட்டு. உங்களுக்கு அந்த நேரம் இன்னும் வரலை" என்று சொல்லி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு வருகிற வரைக்கும் நான் நானாக இல்லை. வகுப்பில் போர்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "மேம், இந்த சிக்னல் நிக்கவே இல்லைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரே போன் செய்தார். நோய் திரும்பத் தலைகாட்டியிருந்தது. "இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. பெரும்பாலும் மறுபடி அடங்கிடும். தள்ளிப்போட்டா என்னால எதுவும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து மாத்திரையை உரித்து, தண்ணீரோடு அவர் முன்னால் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் போட்டா அன்னைக்கு நான் சொன்னது பொய்யாயிடும்மா."

"மாத்திரையும் கர்த்தர் கொடுத்ததுதாங்க!"

"அதை நான் அன்னைக்குச் சொல்லலையே."

தொண்டை கிழியக் கத்தினேன். "எனக்கு நீங்க வேணும். உங்க சாட்சி வேணாம்" என்று அழுதேன். என் தலையில் கை வைத்துத் தடவினார். ஆனால் மாத்திரையைத் தொடவில்லை. மறுநாளும் அதே கதைதான். கன்னத்தில் ஒன்று விட்டு வாயில் திணித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிற பெண் வந்தாள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவள். அதுவும் செல்லுக்குப் போகிற ஒரு செய்தியை மறிக்கிற மாத்திரைதான், புரதம்தான் வேறு. கையில் ஒரு டப்பா கேசரி, முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, உங்க சாட்சி கேட்டதுலேர்ந்து எனக்கும் விசுவாசம் வந்துருச்சு. நானும் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. டப்பாவிலிருந்து கேசரியை எடுத்து வேகவேகமாக நாலு வாய் தின்றார். வெறும் வயிற்றில் போடக் கூடாத மாத்திரை அது. அப்புறம் மேஜையிலிருந்த மாத்திரையை வாயில் போட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"எனக்குத் திரும்பி வந்துருச்சு தங்கச்சி. நான் சொன்னதை நம்பாத. நாளைக்கே உன் டாக்டரைப் போய்ப் பாரு. நானும் கூட வரேன்."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். "சும்மா என்னைச் சோதிக்கிறீங்களாண்ணா?"

அவர் எழுந்து அவள் பக்கத்தில் போனார். கண்ணில் நீர் வழிய, சின்னப் பிள்ளை மாதிரி அவள் முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார்.