காலி நாற்காலி ஊர்வலம்

அரியமங்கலத்தில் கடவுள் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தலைவர் பிச்சமுத்து. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். லேத் பட்டறையில் டர்னர். நானும் அதே பட்டறைதான். பக்கத்து மெஷினில் நின்ற பாவத்துக்கு என்னைத் தன் மன்றத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பெஞ்சைத் துடைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்குக் கடவுள் மேல் இருந்தது சந்தேகம் இல்லை, கோபம். எழுபத்தொன்றில் காட்டூர் டோரதியைக் கட்டிக்கொண்டு வந்தார். டோரதி வேதக்காரப் பெண். அவளுடைய சர்ச்சுப் பங்குச் சாமியார், பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். போகட்டும் என்று ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் வீதி உலா வந்தது. சாமி வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரி சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி, தேங்காய் பழத்தோடு தட்டை நீட்டிச் சூடம் காட்டுவாள். வண்டி நின்றால் அந்த வீடு தெருவோடு சேர்த்தி. டோரதி பக்கத்து வீடுகளில் கேட்டுக் கேட்டு, வாசல் தெளித்து, கோணல்மாணலாக ஒரு கோலம் போட்டு, தட்டோடு நின்றாள். வண்டி நிற்கவில்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்காமலே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சூடம் எரிந்து அணையும்வரை அவள் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பட்டறைக்கு வந்ததும் என்னிடம், "சின்னையா, சாமியே இல்லடா," என்றார்.

சாமி இல்லாவிட்டால் போகிறது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? அப்படி ஆரம்பித்ததுதான் பகுத்தறிவு நண்பர்கள் மன்றம். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மூடநம்பிக்கையை முறியடிக்க வேண்டும் என்பதால் கூட்டம் ஞாயிறு நாலரைக்கு, சரியாக ராகு காலத்தில் தொடங்கும். அதைப் பார்த்துக்கொள்ளவே சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். ஒரு நிமிஷம் முன்னால் தொடங்கவும் தலைவர் விடமாட்டார். ஆறு மணிக்கு மேல் வருகிறவனை வாசலிலேயே மறித்துக்கொள்வார்.

"நல்ல நேரமெல்லாம் முடிஞ்சப்புறம் வரியேய்யா, வெளங்குமா?"

மன்றத்துக்காரன் சாமி பேரைச் சொன்னாலோ கும்பிட்டாலோ அபராதம், எல்லாருக்கும் அவன் செலவில் டீ. அதிகம் மாட்டியது அமிர்தராஜ். சர்ச்சை விட்டு வந்தவர், ஆனால் அவருடைய முழங்கால் இன்னும் வந்து சேரவில்லை. தீர்மானம் வாசித்தால் முழந்தாளிடப் போவார். கூட்டம் முடிந்தால் 'ஆமென்' என்பார். அவர் புண்ணியத்தில் நிறைய டீ குடித்தோம்.

ஒரு வாரம் மட்டம் போட்டுவிட முடியாது. தலைவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, காய்ச்சல் நிஜம்தானா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நிஜமாக இருந்தால் ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார். என் அம்மா செத்தபோது சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்குள் எல்லா வேலையும் பார்த்தது அந்த மன்றம்தான். கிண்டல் செய்கிறேனே தவிர, அதை மறக்க மாட்டேன்.

எழுபத்தொன்பதில் ஆண்டு விழாவுக்கு ஊர்வலம் விட வேண்டும் என்றார்.

"எத வச்சு தலைவரே?" என்று கேட்டார் அமிர்தராஜ்.

"ஒண்ணும் இல்லேங்கறத வச்சுத்தான்."

அதாவது, பட்டறை முதலாளியின் கை வைத்த நாற்காலியை வண்டிக்காரன் காத்தானின் மாட்டு வண்டியில் ஏற்றுவது. அதில் யாரையும் உட்கார வைக்காமல் தெருவெல்லாம் சுற்றுவது. 'பாருங்கள், யாரும் இல்லை' என்று ஒரு தட்டி. போகிற வழியையும் அவரே போட்டார். எங்கே சுற்றினாலும் கடைசியில் தன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அதுதான் அவர் கணக்கு. எட்டு வருஷமாக எந்த வண்டியும் நிற்காத வாசல். அதற்காகத்தான் இவ்வளவு பாடும் என்று எனக்குத் தெரியும். டோரதிக்கும் தெரிந்திருக்க வேண்டும், காலையிலேயே புளி போட்டுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை வந்து பார்த்தாள். "என்னங்க இது, வீடு காலி பண்ற மாதிரி இருக்கு," என்றாள்.

அதனால் நாலு மூலைக்கும் வாழைக்கன்று வந்தது. நாற்காலிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து சம்பங்கி மாலை வந்தது. மாலை போட்டதும் எனக்கே கொஞ்சம் பக்தியாகத்தான் இருந்தது. டீக்குப் பயந்து வெளியே சொல்லவில்லை.

சரியாக நாலரைக்குப் புறப்பட்டோம். முதல் வீடு இட்லிக்கடை வீராயி அக்காவுடையது. அக்கா குடத்தோடு ஓடிவந்து சக்கரத்தில் தண்ணீரை ஊற்றி, தேங்காயையும் உடைத்துவிட்டது.

"அக்கா, நாற்காலியில யாரும் இல்லக்கா," என்றார் தலைவர்.

"தெரியுது தம்பி. சிதம்பரத்துலயும் திரைய விலக்கி இதத்தான காட்டுறாங்க?"

அதற்குள் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தட்டுகள் வரிசையாக வந்துவிட்டன. ஒருத்தி பிள்ளையைத் தூக்கி நாற்காலிக் காலில் போட்டு எடுத்தாள். பிரசாதம் கேட்டவர்களுக்கு அமிர்தராஜ் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தலைவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"காத்தான், இனிமே எந்த வாசல்லயும் நிக்கப்படாது. யாரு தட்டு எடுத்துட்டு வந்தாலும் திரும்பிப் பாக்காத. ஓட்டு."

"யாரு வீடா இருந்தாலுமாண்ணே?"

"யாரு வீடா இருந்தாலும்."

காத்தான் ஒரு சொல் கேட்டால் அதிலேயே நிற்கிற ஆள். மாட்டைத் தட்டினான். வண்டி வேகம் பிடித்தது. தலைவர் பின்னால் நின்று அமிர்தராஜைத் திட்டிக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் டோரதி நின்றிருந்தாள். அதே தட்டு, சூடம் எரிந்துகொண்டிருந்தது. இந்த எட்டு வருஷத்தில் கோலம் நேராகியிருந்தது. காத்தான் திரும்பிப் பார்க்கவே இல்லை. வண்டி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

அவளுடைய அந்த முகத்தை நான் முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"நிறுத்துடா," என்று தலைவர் ஓடினார்.

"நீங்கதானண்ணே சொன்னீங்க," என்றான் காத்தான்.

மாடு பின்னால் நடக்காது. வண்டியைத் திருப்ப அந்தத் தெருவில் இடமும் கிடையாது. தலைவர் வண்டியில் தாவி ஏறினார். பிய்ந்த மாலையோடு நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். திரும்பி நடந்தார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. மூச்சு வாங்க வந்து டோரதியின் கோலத்தின் நடுவில் அதை இறக்கி வைத்தார்.

சூடம் அணைந்திருந்தது. டோரதி இன்னொன்றைக் கொளுத்தினாள்.

"இதுலதான் யாரும் இல்லியே. யாருக்குங்க காட்டுறது?"

"காட்டு டோரதி. கேள்வி கேக்காத."

அவள் காட்டினாள். தலைவர் நாற்காலிக்கு எதிரே நின்று கை கூப்பியிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. யாரைக் கும்பிட்டார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நாற்காலி காலி. அதற்கு அந்தப் பக்கம் டோரதி நின்றிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, நாலரைக்குக் கூட்டம் தொடங்கியதும் தலைவர் தானாகவே எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.