வேலுச்சாமியின் ஒயரிங்கில் குறையில்லை

துடியலூர் எலக்ட்ரீசியன் வேலுச்சாமி காலமாகிவிட்டார் என்று அவர் மகன் செவ்வாயன்று காலை போனில் சொன்னார். "சரிங்க" என்றேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவரை அறிந்தவர்களிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எங்கள் மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜர் பொருத்தி ஒயரிங் செய்தவர் அவர். சித்திரையில் ஒருநாள் ஒயரைத் தொட்டேன்; சுட்டது. வெயிலா, மின்சாரமா என்று தெரியவில்லை. பயந்துபோய் சார்ஜர் இழுக்கும் மின்சாரத்தின் அளவைப் போனிலுள்ள அதன் ஆப்பில் முப்பத்திரண்டு ஆம்பியரிலிருந்து பத்தாகக் குறைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். அதுவரை விடிவதற்குள் சார்ஜ் நிறைந்துவிடும் கார், மறுநாள் மதியம் தாண்டியும் நிறையவில்லை. பதினைந்து நாட்கள் நேரத்தையும் சதவீதத்தையும் நோட்டில் எழுதினேன். குறைத்ததை மட்டும் எழுதியிருக்கவில்லை. மருமகள் கவிதாவிடம், "ஒயரிங்லதான் ஏதோ கோளாறும்மா" என்றேன்.

வேலுச்சாமி வந்தார். "கை வெச்சுப் பாக்காம ஒயரைக் குத்தம் சொல்லக் கூடாதுங்க" என்பார் எப்போதும். மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்தார், சரியாக இருந்தது. மெயினை அணைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகிப் பார்த்தார், எதுவும் அசையவில்லை. பிறகு என் போனைக் கேட்டார். அதில் பத்து என்றிருந்தது. என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டாக்கினார்.

வாசலிலிருந்து கவிதா, "ஏனுங்ணா, ஒயரிங்தானுங்களா?" என்றாள்.

"ஆமாங்க அம்மணி. ஒரு ஸ்க்ரூவ லூசா உட்டுப்போட்டனுங்க. இறுக்கியாச்சு."

நான் வாய் திறக்கவில்லை. சிங்காநல்லூரில் கவிதாவின் அம்மா கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அவர்தான் ஒயரிங் செய்வதாகப் பேச்சு. அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

பிறகு ஒருநாள் பேக்கரியில் டீ குடிக்கையில் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினேன்.

"உடுங்க சார். மருமக முன்னால உங்களுக்கு ஒரு பேரு வேணுமுல்லங்க" என்றார். அப்புறம் சிரித்தார். "உங்க பயத்துக்குப் பத்து ஆம்பியரே சாஸ்திங்க."

கவிதாவிடம் சொல்லிவிடுவதாக அவரிடம் சொன்னேன். வாராவாரம் தள்ளிப்போட்டேன்.

நேற்று துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது, கார் ஓட்டிக்கொண்டிருந்த கவிதாவிடம் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா அம்மா ஊட்டு வேலைய அவருக்கே குடுத்திருப்பமுங்களே மாமா" என்றாள்.

அவர் செய்த வேலையில் ஒரு ஸ்க்ரூகூட லூசாக இருக்கவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொன்ன ஒரு பொய். இதற்குமேல் அதை நம்ப யாரையும் விடமாட்டேன்.