நாலாவது அடி தேவதாசனுடையது

தேவதாசன் குடிப்பதில்லை. டிரம்ஸ் அடிக்கிற மனுஷன் குடிக்காமல் இருப்பாரா என்று சிரிக்க வேண்டாம், சர்க்கரை வியாதி. கண்ணும் காதும் இன்னும் கூர்மை. நடந்ததோ பட்டப்பகலில், போன ஜூன் பதினான்காம் தேதி, புலம்பெயர்ந்து வந்த ஊரான சென்ட் லோரன்டில். ஆகவே பிரமை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

அவரும் பாடகர் சவிரிமுத்துவும் மட்டக்களப்புக்காரர்கள். வாரநாளில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார்கள். சனிக்கிழமைகளில் மதுக்கடை மேடைகளில் அமெரிக்கத் தெற்கத்தி ராக் வாசித்தார்கள். மட்டக்களப்பான் தொப்பி போட்டால் கௌபாய் ஆகிவிடுவானா என்று நக்கலடித்தவர்களே பிறகு முன்வரிசைக்கு முண்டியடித்தார்கள். நாலு பேர் கொண்ட குழு, இருபத்திரண்டு வருஷம், ஐந்து ஆல்பம்.

எந்தப் பாட்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். சவிரிமுத்து பூட்ஸ் குதியால் தான் நிற்கும் பலகையில் மூன்று தரம் உதைப்பார். டக். டக். டக். நாலாவது அடி தேவதாசனின் டிரம். அது விழுந்துவிட்டால் கூரை இடிந்தாலும் பாட்டை நிறுத்தக் கூடாது.

பெப்ரவரியில் சவிரிமுத்து போய்விட்டார். அந்தப் பூட்ஸோடுதான் அடக்கம் என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். ஆறாவது ஆல்பத்தில் ஒரு பாட்டின் கடைசிச் சரணம் மட்டும் பாடாமல் கிடந்தது. "என்ர பாட்டை வேற ஆளிட்டக் குடுத்திடாத" என்று ஆஸ்பத்திரியில் தேவதாசனின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். தேவதாசனும் தலையாட்டினார். ஆனால் மற்ற இருவரின் நச்சரிப்பு தாங்காமல், சென்னையிலிருந்து படிக்க வந்த மகிழனை நாலு மணிக்குப் பாட வரச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

மணி 3.17. ஒலிப்பதிவு அறையில் அவர் தனியே. மகிழன் வருமுன் டிரம்ஸைச் சரிபார்க்கலாம் என்று ஹெட்போன் மாட்டி, முடியாமல் கிடந்த பாட்டை ஓடவிட்டு, கூடவே பதிவுப் பொத்தானையும் அழுத்தினார்.

தொப்.

சவிரிமுத்து நின்று பாடும் பலகைப் பக்கமிருந்து...

தொப்.

சத்தம் சரியில்லை. இது பூட்ஸ் இல்லை...

தொப்.

கை தானாக அடித்துவிட்டது. நாலாவது அடி.

இனி நிறுத்தக் கூடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்தார். கித்தார் வந்தது. சவிரிமுத்துவின் பழைய குரல் வந்தது. கடைசிச் சரணம்...

காதுக்கு மிகப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

3.22. கண் திறந்தார். யாருமில்லை.

பலகையில் ஈரம். வெறுங்கால் தடம். ஐந்து விரலும்.

நாலு மணிக்கு மகிழன் வந்து பதிவைக் கேட்டான். "அங்கிள், கடைசிச் சரணம் அவரே பாடியிருக்காரே. அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?"

தேவதாசன் வெளியே போய், சவிரிமுத்துவின் மனைவி றஜனிக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, அவனுக்குப் பூட்ஸ் போட்டுத்தானே பெட்டியில வைச்சனீங்கள்?"

றஜனி அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கால் வீங்கியிருந்தது அண்ணை. பூட்ஸ் ஏறேல்ல. கால்மாட்டில வைச்சிட்டு, வெறுங்காலோடதான் அனுப்பினனான். பெட்டியின்ர கால்பக்கம் மூடித்தான் இருந்தது, ஒருத்தரும் பார்க்கேல்ல. நான் ஒருத்தருக்கும் சொல்லவும் இல்ல... உங்களுக்கு ஆர் சொன்னது?"