குமரேசண்ணன் நம்பருக்கு இனி மெசேஜ் அனுப்பாதீர்கள்

குமரேசண்ணன் இறந்துவிட்டார். ஆபீஸ் பார்க்கிங் லாட்டில், காரைவிட்டு இறங்கும்போது மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தகனமும் ஆகிவிட்டது. இன்று மதியம் வீட்டில் படையல்.

தயவுசெய்து அவர் நம்பருக்கு மெசேஜ் போடாதீர்கள். போன் அவர் மனைவி சுமதி அக்கா கையில்தான் இருக்கிறது. நேற்றுகூட யாரோ, "அண்ணா, வீக்கெண்ட் ஆஸ்டின் வர்றோம், பார்பிக்யூ எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டிருந்தார்கள்... அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் என்னவென்று பதில் போடுவது?

அவரைத் தெரியாதவர்களுக்கு: தாராபுரத்துக்காரர். ஆஸ்டினில் என் பழைய டீம் லீட். டெக்சாஸில் இருக்கும் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் புகையில் கறி சுடும் எந்த பார்பிக்யூ கடைக்குக் கூட்டிப்போவது என்று சொல்பவர் அவர்தான்.

சும்மா கடை பெயரை மட்டும் சொல்லிவிட்டு விடமாட்டார். எத்தனை மணிக்கு லைனில் நிற்க வேண்டும், எங்கே நிழல் இருக்கும், வயசானவர்களுக்கு நாற்காலி கொண்டுபோக வேண்டுமா... எல்லாம் வாய்ஸ் நோட்டாக வரும்.

என் அப்பா அம்மா வந்திருந்தபோது அவரைக் கேட்டேன். அம்மா சைவம். "தெக்கால இருக்கற கடைக்குப் போங்க கண்ணு. அப்பாவுக்கு டர்க்கி வாங்கிக் குடுங்க, மெத்துனு இருக்கும். அம்மாவுக்கு பொட்டேட்டோ சாலட். பீன்ஸ் மட்டும் குடுத்துராதீங்க, அதுல மாட்டுக்கறித் துண்டு போட்டிருப்பானுங்க."

அம்மா அப்போது பீன்ஸைத்தான் தட்டில் எடுத்து வைத்திருந்தார். காரில் கடை எது என்பதை மட்டும் கேட்டிருந்தேன், மிச்ச வாய்ஸ் நோட்டை மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். ஸ்பூன் வாய்க்குப் போகும் முன் பிடுங்கினேன். அம்மா இன்றுவரை அவரை "அந்த பீன்ஸ் தம்பி" என்றுதான் சொல்வார்.

அவரோடு டீம் லஞ்சுக்குப் போனால் எங்கள் எல்லோருக்கும் அவரே ஆர்டர் பண்ணுவார். யார் கொழுப்பு சாப்பிடுவார்கள், யாருக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் மட்டும் அங்கே சும்மா கொடுக்கும் ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "நீங்க சைவமாண்ணா?"

சிரித்தார். "நானா? எங்க வீட்ல ஞாயித்துக்கெழம கறி இல்லீன்னா சண்டை. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் கவுச்சி தொடறதில்லீன்னு குலசாமிக்கு வேண்டிருக்கேன் கண்ணு. வந்த அன்னிக்கு இதே கடை. ஒரு முழு ரேக் ரிப்ஸ், வெலா எலும்புக் கறி, நான் ஒருத்தனே. யாருக்கும் பங்கு கெடையாது."

அவர் மகள் நிலா அப்போது பிறக்கவேயில்லை. இப்போது அவள் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

இத்தனை வருஷமும் புகை வாசனையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாரே... யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

செய்தி கேட்டதும், நான் இப்போது இருக்கும் இர்விங்கிலிருந்து கிளம்பி வந்தேன். அதிலிருந்து சுமதி அக்கா யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "அவருக்குப் பிடிச்சதப் படைக்கணும்ங்கறாங்க. ஆனா வேண்டுதல் நிறைவேறலையே. கறி வெக்கலாமா, கூடாதா?"

தாராபுரத்துக்குப் போன் போட்டோம். அவர் அம்மாவிடம் கேட்டால் அழுகை மட்டும்தான். பெரியப்பா வைக்கக் கூடாது என்றார். சித்தப்பா வைக்கலாம் என்றார்.

கார்டு இல்லை, இப்போது அவரும் இல்லை. அவர் விசாவை நம்பி இருந்த அக்கா நிலாவோடு இந்த நாட்டில் எவ்வளவு நாள் இருக்க முடியும் என்று வக்கீலால்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு அக்கா இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை நிலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் பேசியது அத்தனையும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. "அப்பாவுக்கு இனிமே கார்டு தேவையில்லைதானே? அப்படின்னா சாப்பிடலாம்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அக்கா எழுந்து உள்ளே போனார். அண்ணனுடைய கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அவருடைய காரில்தான் அந்தக் கடைக்கு வந்தேன். அவர் சொல்லும் நிழல் மரத்தடியில், லைனில் நின்றுகொண்டுதான் இதை டைப் பண்ணுகிறேன். மதியத்துக்குள் ரிப்ஸ் தீர்ந்துவிடும் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார்... முன்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு ரேக் வாங்கிப் போகிறார்கள். ஒருத்தரிடமாவது காலில் விழுந்து கேட்கலாமா என்று இருக்கிறது.

கடவுளே, ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும்.

...

கிடைத்துவிட்டது. கடைசி ரேக். மடியில் சூடாக இருக்கிறது, காரை எடுக்கக் கை வரவில்லை.

கார்டு வரலீங்கண்ணா. நீங்க சாப்பிடுங்க.