கொடுவா கடிக்காத மீன்

எந்த மீனும் கடிக்காத தூண்டில் மீனைத் தெரிவு செய்வதில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எந்தத் துறையிலும் எனக்கு முதலிடம் கிடைத்ததில்லை. கிடைத்த ஒன்றைச் சொல்லாமல் விடவும் மனமில்லை.

சென்ற ஆவணியில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாளின் மகன், கோப்பாயில் என் வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டியைத் திறந்து பரப்பினான். உள்ளே அறை அறையாகப் பிளாஸ்டிக் மீன்கள். வயிறு பெருத்தவை, ஒல்லியானவை, முகத்தில் கண்ணாடிச் சொண்டு முளைத்தவை. எல்லாவற்றின் அடியிலும் முக்கூர் ஊசிகள் தொங்கின. அங்கே ஏரிகளில் பாஸ் என்றொரு மீனை இவற்றால்தான் பிடிப்பார்களாம். இங்கே தொண்டைமானாற்றில் கொடுவா பிடித்துக் காட்டப் போகிறானாம்.

"அன்ரி, உங்களுக்கு உதுகள் விளங்காது," என்றான் அன்பாக.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தண்ணி கலங்கலோ தெளிவோ?" என்று கேட்டேன். "எவ்வளவு ஆழத்திலை இழுக்கப் போறாய்? சொண்டு நீட்டானது அடிக்குப் போகும், கட்டையானது மேலாலை வரும். கலங்கல் தண்ணிக்கு வெள்ளி நிறத்தைப் போடாதை, மீனுக்குத் தெரியாது. உள்ளுக்குக் குண்டு கிடந்து கிலுங்குறதைத் தெளிஞ்ச தண்ணிக்குப் போடாதை, மீன் வெருளும்."

பெடியன் என்னைப் பார்த்த பார்வையில், நான் இதுவரை எழுதிய எதற்கும் கிடைக்காத மரியாதை இருந்தது. "அப்ப இண்டைக்கு எதைப் போடலாம் அன்ரி?" என்றான்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எதைப் போடக்கூடாது என்றுதான் எனக்குத் தெரியும். மற்றதைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நான் இதைப் படித்துக்கொண்ட கதை இதுதான்.

அப்போது எங்கள் வீடு தொண்டைமானாற்றில். எங்கள் ஒழுங்கையில் அப்பாமார் பெரும்பாலும் சுவரில் இருந்தார்கள். செத்துப்போகவில்லை, கப்பலில் வேலை. என் அப்பா பெயர் தெரியாத ஒரு துறைமுகத்தின் முன்னால் வெள்ளை உடுப்போடு சட்டத்துக்குள் நின்றார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சமைத்து, பின்னேரம் கொப்பிகளோடு குந்திவிடுவார். ஊரிலுள்ள பிள்ளைகளை எல்லாம் நாள் முழுக்கக் கூப்பிட்டுக் களைத்து வந்தவருக்கு என்னைக் கூப்பிடக் குரல் மிச்சமிருக்காது. நான் கிணற்றை எட்டிப் பார்த்து என் பெயரைச் சொல்வேன். கிணறு திருப்பிச் சொல்லும். அந்த வீட்டில் என் பெயரை அதிகம் சொன்னது கிணறுதான்.

அந்த ஆவணியில் அப்பா சட்டத்தை விட்டு இறங்கி வந்தார். படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். தலைமயிரும் படத்திலேயே தங்கிவிட்டது போலிருந்தது. என்னோடு என்ன கதைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" என்று காலையில் கேட்டார். சொன்னேன். பின்னேரமும் கேட்டார். அதே விடையைச் சொன்னேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும், அடுத்தநாளும் கேட்டார்.

எங்களைக் காப்பாற்றியது அவருடைய பெட்டி. கூட வேலை செய்த அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் கப்பலை விட்டு இறங்கும்போது தன்னுடைய தூண்டில் தடியையும் இந்தப் பெட்டியையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் மீன்களைக் கிராங்க்பெயிற் என்று அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவற்றோடு கரண்டி போல வளைந்த தகடுகளும், கத்தரிக்காய் நிறத்தில் றப்பர் புழுக்களும் இருந்தன. அந்த ஊர்ப் பாஸ் மீனும் எங்கள் கொடுவாவும் ஒன்றுக்கொன்று மச்சான் முறை என்றும், இரண்டுக்கும் ஒரே வீம்பு என்றும், பசியில்லாவிட்டாலும் கோபத்தில் கடிக்கும் என்றும் அப்பா விளக்கினார். வகுப்பைத் தவிர வேறொன்றை அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல்தடவை.

ஆனால் சந்நிதி முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏற இருந்தது. கொடி ஏறினால் தீர்த்தம் முடியும் வரை எங்கள் பக்கத்து வீடுகளில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

"விரத நாளிலை தூண்டில் கீண்டில் எண்டு வீட்டுக்குள்ளை மீன் மணம் கொண்டு வராதையுங்கோ," என்றார் அம்மா.

"இதிலை என்ன மணம்? றால் இல்லை, புழு இல்லை. முழுக்கப் பிளாஸ்டிக். சுத்த சைவம்."

"கடிக்கிறதும் சைவமோ?"

"கடிச்சா விட்டிட்டு வாறன்."

அம்மா சிரித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாக, "எப்ப திரும்பக் கூப்பிடுவாங்கள்?" என்று கேட்டார். அப்பா ஒரு பிளாஸ்டிக் மீனை எடுத்துக் காதருகே வைத்துக் கிலுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கொடுவா பிடிக்காமல் நான் கப்பல் ஏறமாட்டன்," என்றார்.

அம்மா சட்டென்று எழுந்து குசினிக்குள் போனார். நான் எழும்பவில்லை. அந்த வசனத்தை அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். கொடுவா பிடிபட்டால் அப்பா போவார், பிடிபடாவிட்டால் போகமாட்டார். கணக்குப் பாடத்தில் நான் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் இது எனக்கு ஒரே தடவையில் விளங்கியது.

பின்னேரமானால் அணைக்கட்டுக்குப் போவோம். உப்புக் கடலும் ஏரித் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கதவுகளுக்குக் கீழே கொடுவா நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். அப்பா பெட்டியைத் திறந்து என் முன்னால் வைப்பார். "பிள்ளையின்ரை கை ராசியான கை. சொல்லும், இண்டைக்கு எதைப் போடுவம்?"

தெரிவு செய்வதற்கு முன் ஒரு பாடம் நடக்கும். தண்ணீரின் நிறம், காற்று அடிக்கும் பக்கம், வெயில் சாய்ந்த அளவு எல்லாம் பார்க்க வேண்டும். கலங்கல் என்றால் பளிச்சென்றது, தெளிவு என்றால் மங்கல், ஆழமில்லாத இடத்தில் கட்டைச் சொண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக ஒன்று இருந்தது. பொழுது சாயும்போது கொடுவா அதைக் கண்டால் விடாது என்று அப்பா சொன்னார். அதற்குச் செந்தலையன் என்று பெயர் வைத்தோம்.

என் வாழ்க்கையில் ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்தேன் என்றால் அது இதுதான். எல்லாக் கேள்விக்கும் பிழையான விடை எழுத வேண்டுமானால் முதலில் சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே. கலங்கல் தண்ணீருக்கு மங்கல் வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். முழங்கால் ஆழத்துக்கு நீளச் சொண்டைக் கொடுத்தேன். அது நேரே போய்ச் சேற்றை உழுது, சாதாளையை அள்ளிக்கொண்டு வந்தது. அப்பா குனிந்திருந்து அந்தப் பாசியை ஊசியிலிருந்து ஒவ்வொரு இழையாக எடுப்பார். "நல்ல தெரிவு," என்பார். "கொடுவாவுக்குத்தான் இண்டைக்குப் பசியில்லைப் போலை." செந்தலையனை நான் புழுக்களுக்கு அடியில் புதைத்து வைத்தேன்.

அணைக்கட்டில் வீச்சுவலை வீசும் ஒருவர் எங்களைப் பார்ப்பதற்காகவே தன் வேலையை நிறுத்துவார்.

"என்ன கப்பல்கார அண்ணை, மகளுக்கு இண்டைக்கும் சாதாளைக் குழம்புதானோ?"

"வைச்சா உனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புறன் தம்பி."

"உந்த விளையாட்டுச் சாமானைக் கண்டு மீன் சிரிக்குமே தவிரக் கடிக்காது. ஒரு உயிர் றாலைக் குத்தி விடுங்கோ, பாப்பம்."

"விரதமடா."

"மீனுக்கும் விரதமே?"

அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூன்று பேரில் ஒருவர் வெற்றி பெற்றுக்கொண்டிருப்பது மற்ற இருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். வீடு திரும்பும்போது அப்பா தடியை என்னிடம் தருவார். என்னைவிட இரண்டு மடங்கு நீளமான தடி. அதைக் கோயிற்கொடி போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பேன். கிணற்றுப் பக்கம் போகவே நேரமிருக்கவில்லை.

தீர்த்தம் முடிந்தது. கடலைக்காரர்களும் வளையல் கடைகளும் போய், கோயில் வீதியில் வெறும் மணல் மிஞ்சியது. அதற்குள்ளே ஒருநாள் கொம்பனியிலிருந்து தந்தி வந்திருந்தது. அம்மா அப்பாவின் சட்டைகளை எல்லாம் எடுத்து ஸ்திரிக்கை போட்டார். ஏற்கனவே போட்ட சட்டைகளுக்கும் போட்டார். எனக்கு ஒரு கவலையும் இல்லை. கொடுவா இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. பெரியவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏன் விளங்கவில்லை என்று அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று பின்னேரமும் போனோம். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது, வெயில் இன்னும் இறங்கவில்லை. பெட்டியில் இருந்தவற்றுள் மிக அவலட்சணமானதைத் தேடினேன். கத்தரிக்காய் நிறத்தில் மஞ்சள் வரியோடு, உலகத்திலுள்ள எந்த மீனுக்கும் உறவில்லாத ஒன்று. வயிற்றுக்குள் குண்டு கிடந்து கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும். அதை நீட்டினேன். அப்பா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நல்ல தெரிவு," என்றார்.

மூன்றாவது வீச்சோ நான்காவது வீச்சோ, தண்ணீர் வெடித்தது. தடி வளைந்து அதன் நுனி தண்ணீரைத் தொட்டது. கொடுவா ஒருமுறை முழுதாக மேலே வந்தது. வெள்ளித் தாம்பாளத்தை யாரோ நிமிர்த்திக் காட்டியது போல. கண் மட்டும் சிவப்பாக எரிந்தது.

வலைக்காரர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "விடாதையுங்கோ அண்ணை. தங்கூசியைத் தொய்ய விடாதையுங்கோ." நைலோன் நரம்பை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அது தொய்யக் கூடாது என்பது அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதலாவது பாடம். ஒரு கணம் தொய்ந்தாலும் கொடுவா தலையை உதறி ஊசியைத் துப்பிவிட்டுப் போய்விடும்.

அப்பா விடவில்லை. கப்பலில் கயிறு இழுத்த கை. மீன் வலப்பக்கம் ஓடினால் தடி இடப்பக்கம் சாய்ந்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன். அந்தச் சந்நிதிக்கு எத்தனையோ பேர் எத்தனையோ நேர்த்தி வைத்திருப்பார்கள். ஒரு மீன் தப்பிப் போக வேண்டுமென்று தேங்காய் நேர்ந்தது நான் ஒருத்திதான். வாய்விட்டு நேர்ந்தேனோ என்னவோ, அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என் முகம் அழுத முகமாக இருந்திருக்கும்.

மீன் கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. அப்போது அப்பா தண்ணீரை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தார். தடியைத் தாழப் பதித்தார். தங்கூசி காற்றில் ஒரு வளைவாகத் தொய்ந்து விழுந்தது. கொடுவா எழும்பித் தலையை ஒரு உதறு உதறியது. கத்தரிக்காய் நிறத்துச் சாமான் கிலுங்கிக்கொண்டு பறந்து வந்து அப்பாவின் காலடியில் விழுந்தது.

"ஐயோ அண்ணை, என்ன வேலை பாத்தியள்?" என்றார் வலைக்காரர்.

"கொடியேறின நாளிலை கொல்லக் கூடாது தம்பி," என்றார் அப்பா. "பிழைச்சுப் போகட்டும்."

வலைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். போய் வலையை எடுத்து, இல்லாத சிக்கலை எடுக்கத் தொடங்கினார்.

அப்பா போன அன்று காலை வாசலில் வான் நின்றது. "போட்டு வாறன்," என்றார் எல்லோருக்கும் பொதுவாக. எனக்கு அப்போதுதான் பதற்றம் வந்தது. "கொடுவா பிடிக்கேல்லையே அப்பா," என்றேன். சொன்ன சொல்லை ஒரு மனிதர் இப்படி முகத்துக்கு நேரே மீறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதுக்குத்தானே திரும்பி வரவேணும்," என்றார். பெட்டியை என் கையில் தந்தார்.

அவர் திரும்பி வந்தார். ஆனால் அதற்குள் நாங்கள் சாமான்களோடு கோப்பாய்க்கு இடம்பெயர்ந்துவிட்டோம். தொண்டைமானாற்றுப் பக்கம் நீண்ட காலத்துக்கு ஒருவரும் போக முடியவில்லை. போகக்கூடிய காலம் வந்தபோது அவருடைய கையில் தடி பிடிக்கும் வலு இருக்கவில்லை. என்னோடு கதைக்க அப்போது அவரிடம் நிறைய விஷயம் இருந்தது. பேப்பர் முழுக்க வாசித்து முடிப்போம். கொடுவாவைப் பற்றி மட்டும் இருவரும் கதைக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தினையாம் வகுப்பு என்று கேட்டிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும்.

பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. செந்தலையனில் ஒரு கீறல் இல்லை. மச்சாளின் மகனிடம் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் அவன் பெரிய கொடுவா ஒன்றோடு வந்து வாசலில் நின்று படம் எடுத்தான். அடுத்த கிழமை கனடாவுக்குப் போய்விட்டான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கொடுவாவை விட்டுவிட்டு அணைக்கட்டிலிருந்து திரும்பி வந்த அந்தப் பின்னேரத்தை. தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நடந்தேன். தீர்த்தம் முடிந்த வீடு என்பதால் அம்மா அன்று சட்டியை நிமிர்த்தி மத்தியானம் சூடை மீன் குழம்பு வைத்திருந்தார். அப்பா இன்னொரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கடைவாய்ப் பல்லில் ஒரு சூடை முள் மாட்டியிருந்தது. வழி முழுக்க அதை நாக்கால் தள்ளிக்கொண்டே, கொடியேறின நாளில் ஒரு உயிரைக் கொல்லாமல் விட்ட அப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.